கல்லீரல் புற்றுநோய்: இரத்தம் கூறும் கணக்கு

கல்லீரலில் புற்றுநோய் கண்டிருக்கிறது என்று மருத்துவர் அறிவித்த நாளில் நோயாளியின் குடும்பத்தில் எழும் முதற் கேள்வி, "இன்னும் எவ்வளவு காலம்?" என்பதே. இது துயரத்தில் எழும் கேள்வி; அதே வேளையில் முற்றிலும் பொருளாதாரக் கேள்வியும் ஆகும். நிலத்தை விற்பதா, வேண்டாமா; மகளின் திருமணத்தை முன்னதாக நடத்துவதா; மகன் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குச் செல்வதா; வட்டிக்கு வாங்கும் பணம் எந்தச் சிகிச்சைக்கு, எத்தனை மாதத்திற்கு என்பன யாவும் அந்த ஒரு விடையைச் சார்ந்து நிற்கின்றன. இங்கே கூடியுள்ள அலுவலர்களுள் பலர் மருத்துவச் செலவுக் கோப்புகளை நாள்தோறும் காண்பவர்கள். அவர்கள் எழுப்பும் கேள்வியும் ஏறத்தாழ இதுவேதான். சொற்கள் மட்டும் வேறு. மாணவர்களுள் புள்ளியியல் பயில்வோருக்கு இக்கேள்வி வேறொரு வகையில் சுவை தருவதாகும். இரண்டு மூன்று குழாய் இரத்தத்தைக் கொண்டு ஒரு மனிதனின் எஞ்சிய வாழ்நாளைக் கணிக்க இயலுமா? இயலும் எனில், எந்த அளவுக்கு? அக்கணிப்பினால் ஆகும் பயன் யாது?

உலக அளவில் இந்நோயின் பரிமாணத்தை முதலில் கருதுதல் வேண்டும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீட்டின்படி 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 8 இலட்சத்து 66 ஆயிரம் பேருக்குக் கல்லீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் ஏறத்தாழ 7 இலட்சத்து 59 ஆயிரம் பேர் இதனால் இறந்தனர். இவ்விரு எண்களும் இவ்வளவு நெருங்கி நிற்பதே நோயின் கடுமையை உணர்த்தும். புற்றுநோய்களுள் எண்ணிக்கையில் ஆறாவது இடத்தில் இருக்கும் இது, இறப்புக்குக் காரணமாவதில் மூன்றாவது இடத்தில் உள்ளது.

ஆயினும் கல்லீரல் புற்றுநோயைப் பிற புற்றுநோய்களினின்று பிரித்துக் காட்டுவது அதன் கடுமை மட்டும் அன்று. மார்பகத்திலோ குடலிலோ புற்றுநோய் தோன்றும்போது, அந்த உறுப்பு பெரும்பாலும் அதுவரை நலமாக இருந்ததாகும். கல்லீரலில் அவ்வாறில்லை. பத்து நோயாளிகளில் எட்டுப் பேருக்குக் குறையாமல், சிரோசிஸ் எனப்படும் ஈரல் சுருக்கம் ஏற்கெனவே முற்றியிருக்கும் ஈரலில்தான் கட்டி தோன்றுகிறது. பி வகை, சி வகை ஈரல் அழற்சி வைரசுகளோ, மதுவோ, அண்மைக் காலத்தில் பெருகிவரும் கொழுப்பு ஈரலோ பல ஆண்டுகளாக அரித்து வந்த உறுப்பு அது. ஆகவே ஓர் உடலில் இரண்டு நோய்கள் உள்ளன: ஒன்று கட்டி, மற்றொன்று, கட்டி குடிகொண்டிருக்கும் நலிந்த ஈரல். சிறிய கட்டி உடையவர் ஈரல் செயலிழந்து சில மாதங்களில் மடிவதும், பெரிய கட்டி உடையவர் எஞ்சிய ஈரலின் வலிமையால் ஆண்டுகள் வாழ்வதும் காணக்கூடியவையே. கட்டியின் அளவை மட்டும் கொண்டு காலத்தைக் கணிக்க முற்பட்டவர்கள் தொடர்ந்து ஏமாற்றமடைந்ததற்குக் காரணம் இதுதான்.

இரத்தப் பரிசோதனைகளும் இந்த இரண்டு நோய்களுக்கேற்ப இரண்டு வகைப்படும். ஒரு வகை கட்டியைப் பற்றிப் பேசுவது. மற்றொரு வகை ஈரலைப் பற்றிப் பேசுவது. விளம்பரமும் ஆராய்ச்சிப் பணமும் முதல் வகையை நாடிச் செல்கின்றன. கணிப்புக்குப் பெரிதும் கைகொடுப்பதோ இரண்டாம் வகை. அது மலிவானது, பழையது, மாவட்ட மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்திலேயே செய்யத்தக்கது. எனவே அதனையே முதலில் விளக்குதல் பொருந்தும்.

இரத்தத்தில் மிதக்கும் ஆல்புமின் என்ற புரதத்தை உடலில் உண்டாக்கும் உறுப்பு கல்லீரல் ஒன்றே. நலமாக இருப்பவரின் ஒரு டெசி லிட்டர் இரத்த நீரில் 3.5 முதல் 5 கிராம் வரை இது இருக்கும். இதன் பாதி ஆயுள் சுமார் 20 நாட்கள். ஆகவே இன்று எடுக்கப்படும் ஆல்புமின் அளவு, கடந்த சில வாரங்களாக ஈரல் எவ்வாறு உழைத்து வந்தது என்பதைக் காட்டுகிறது. பிலிருபின் என்பது பழைய இரத்தச் சிவப்பணுக்கள் சிதைவதால் உண்டாகும் மஞ்சள் நிறக் கழிவு. அதனைப் பித்தத்தின் வழியே வெளியேற்றுவது ஈரலின் கடமை. அக்கடமை தவறும்போது இரத்தத்தில் அது தேங்கி மஞ்சள் காமாலையாக வெளிப்படுகிறது. இரத்தம் உறைவதற்கான புரதங்களில் பெரும்பாலானவையும் ஈரலில் உருவாகின்றன. அவற்றுள் சில, சில மணி நேரமே நிலைப்பவை. ஆதலின் உறைதல் நேரம் நீள்வது, ஈரலின் நேற்றைய நிலையைக் கூறும். ஒரு தொழிற்சாலையின் நிலையை அறிய உற்பத்தி எவ்வளவு, கழிவு எவ்வளவு தேங்குகிறது என்று கேட்பதை இதற்கு ஒப்பாகக் கூறலாம்.

இம்மூன்றையும் ஒரு கணக்காகச் சேர்க்கும் முயற்சி புற்றுநோய் மருத்துவத்தில் தொடங்கவில்லை. 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக் கழக அறுவை மருத்துவர்களான சைல்டு, டர்காட் ஆகிய இருவரும், ஈரல் சுருக்கம் உள்ளவர்களில் யார் பெரிய அறுவைச் சிகிச்சையைத் தாங்குவர் என்பதை அறிய ஐந்து அம்சங்கள் கொண்ட ஒரு வகைப்பாட்டை அமைத்தனர். பிலிருபின், ஆல்புமின், வயிற்றில் நீர் கோத்தல், ஈரல் கோளாற்றினால் வரும் அறிவு மயக்கம், உடலின் ஊட்ட நிலை என்பன அவை. 1973ஆம் ஆண்டில் இலண்டனில் பியூ என்பவரும் அவருடைய குழுவினரும், ஊட்ட நிலையை நீக்கி அவ்விடத்தில் உறைதல் நேரத்தை வைத்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண் அளித்தனர். 5, 6 பெற்றால் முதல் வகுப்பு. 7 முதல் 9 வரை இரண்டாம் வகுப்பு. 10 முதல் 15 வரை மூன்றாம் வகுப்பு. இப்பள்ளிக்கூட மதிப்பெண் முறை இன்றளவும் வழக்கில் நிலைத்துள்ளது. இதில் மதிப்பெண் கூடக் கூட நிலைமை மோசம் என்பது மட்டுமே வேறுபாடு.

புற்றுநோய்க்கென்றே இக்கணக்கை முதலில் செம்மையாக அமைத்தவர் ஜப்பானிய மருத்துவர் குனியோ ஒகுடா. 1985ஆம் ஆண்டில் 850 நோயாளிகளைக் கொண்டு அவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, நான்கே கேள்விகளைக் கேட்டது. ஈரலில் பாதிக்கு மேல் கட்டி பரவியுள்ளதா? வயிற்றில் நீர் கோத்துள்ளதா? ஆல்புமின் 3 கிராமுக்குக் கீழே இறங்கிவிட்டதா? பிலிருபின் 3 மில்லி கிராமுக்கு மேலே ஏறிவிட்டதா? இவற்றுள் எதுவும் இல்லாதவர் முதல் நிலை. ஒன்றோ இரண்டோ இருப்பவர் இரண்டாம் நிலை. மூன்றோ நான்கோ இருப்பவர் மூன்றாம் நிலை. புற்றுநோய்க்கென எந்தச் சிகிச்சையும் பெறாதவர்களில் இடைநிலை வாழ்நாள் முதல் நிலையில் 8.3 மாதம், இரண்டாம் நிலையில் 2 மாதம், மூன்றாம் நிலையில் 0.7 மாதம், அதாவது மூன்று வாரம். நான்கு கேள்விகளில் இரண்டு மிக மலிவான இரத்தப் பரிசோதனைகள் என்பதையும், ஒன்று மருத்துவரின் கையும் கண்ணும் அறியக்கூடியது என்பதையும் கவனித்தல் நலம்.

ஆயினும் இங்கேயே ஒரு குறையும் இருந்தது. ஊர்ப்புறங்களில் மகோதரம் எனப்படும் வயிற்று நீர் 'சிறிது' என்று ஒரு மருத்துவர் கூறுவதை இன்னொருவர் 'நடுத்தரம்' என்பார். அறிவு மயக்கமும் அவ்வாறே. பார்ப்பவரைப் பொறுத்து மாறும் அளவுகோல் அளவுகோல் ஆகாது. மேலும் வயிற்று நீரும் ஆல்புமின் குறைவும் பெரும்பாலும் சேர்ந்தே வருவன. இரண்டுக்கும் தனித்தனியே மதிப்பெண் இடுவது ஒரே செலவை இருமுறை கணக்கில் எழுதுவது போன்றதாகும். இதனைக் கருத்திற்கொண்டு 2015ஆம் ஆண்டில் பிலிப் ஜான்சன் என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து, ஆல்புமினையும் பிலிருபினையும் மட்டுமே கொண்ட ஒரு குறியீட்டை வெளியிட்டனர். இரண்டு பெயர்களின் முன்னெழுத்துகளைச் சேர்த்து இதனை 'ஆல்பி' என்பர். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜப்பானிய நோயாளிகளிடமிருந்து பெற்ற இக்கணக்கு, ஐரோப்பா, அமெரிக்கா, சீனா ஆகிய இடங்களின் நோயாளிகளிடமும் சோதித்துப் பார்க்கப்பட்டது.

கணக்கு எளிது. பிலிருபினை மைக்ரோமோல் அளவில் எடுத்து, அதன் பத்தடி மடக்கையை 0.66ஆல் பெருக்க வேண்டும். ஒரு லிட்டரில் உள்ள ஆல்புமின் கிராமை 0.085ஆல் பெருக்கி, அதனை முன்னதிலிருந்து கழிக்க வேண்டும். விடை –2.60 அல்லது அதற்கும் கீழே எனில் முதல் தரம். அதற்கு மேல் –1.39 வரை இரண்டாம் தரம். அதற்கும் மேல் மூன்றாம் தரம். இரு நோயாளிகளைக் கற்பனை செய்து பார்க்கலாம். ஒருவருக்கு ஆல்புமின் 4.2 கிராம், பிலிருபின் 1 மில்லி கிராம், கணக்கு –2.76 என வரும். மற்றவருக்கு ஆல்புமின் 3.6, பிலிருபின் 1.5; கணக்கு –2.13. இருவருக்கும் வயிற்று நீரும் மயக்கமும் இல்லை, உறைதல் நேரமும் இயல்பு என்றால், பழைய மதிப்பெண் முறையில் இருவரும் 5 பெற்று முதல் வகுப்பில் ஒன்றாக நிற்பர். புதிய கணக்கோ ஒருவரை முதல் தரத்திலும் மற்றவரை இரண்டாம் தரத்திலும் வைக்கிறது. முதல் வகுப்பினர் என்று ஒன்றாகக் கருதப்பட்டவர்களுக்குள்ளேயே வாழ்நாள் தெளிவாகப் பிரிவதை ஆய்வு காட்டியது. செலவு மிகுந்த மருந்தைத் தொடங்குவதா, அறுவைக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்கும் இடத்தில் இவ்வேறுபாடு சிறியதன்று.

இனிக் கட்டியைப் பற்றிக் கூறும் பரிசோதனைகள். இவற்றுள் மூத்தது ஆல்ஃபா ஃபீட்டோ புரதம். கருவில் இருக்கும் குழந்தையின் ஈரல் இதனை ஏராளமாகச் சுரக்கிறது. பிறந்தபின் ஓராண்டுக்குள் ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. 1963ஆம் ஆண்டில் சோவியத் ஆய்வாளர் கேரி அபெலெவ், ஈரல் புற்றுநோய் கண்ட எலிகளின் இரத்தத்தில் இக்கருக்காலப் புரதம் மீண்டும் தோன்றுவதைக் கண்டார். மறு ஆண்டே, அதே நாட்டின் யூரி தத்தாரினோவ் மனித நோயாளிகளிடம் அதனை உறுதி செய்தார். முதிர்ந்த செல், கட்டுப்பாடு தளர்ந்து, தன் குழந்தைப் பருவத்துக்குத் திரும்பிவிட்டதன் அடையாளம் இது எனலாம்.

இப்புரதம் மிகுந்திருந்தால் கட்டி விரைந்து வளரும் இயல்பினது, இரத்தக் குழாய்களுக்குள் ஊடுருவக் கூடியது என்று பொதுவாகக் கொள்ளலாம். ஒரு மில்லி லிட்டரில் 400 நானோகிராம் என்பது பல ஆண்டுகளாக எல்லைக் கோடாகப் பயன்பட்டு வருகிறது. 1998ஆம் ஆண்டு இத்தாலிய மருத்துவர்கள் அமைத்த கணிப்பு முறையிலும் அதே எண்தான். பிரான்சில் 2012ஆம் ஆண்டில் வெளியான ஈரல் மாற்று முறைக்கான கணக்கில், இப்புரதம் 1,000 நானோகிராமைத் தாண்டினால், கட்டி சிறியதாயினும், மாற்றுக்குப் பின் நோய் திரும்பும் வாய்ப்பு மிகுதி எனக் கொள்ளப்படுகிறது. தானமாகக் கிடைக்கும் ஈரல் அரிய பொருளாகையால், அதனை யாருக்கு அளிப்பது என்பதில் ஓர் இரத்தப் பரிசோதனை இவ்வாறு வாக்களிக்கிறது.

குறியீடு முன்னறிவிப்பதோடு நில்லாமல் மருந்தையும் தேர்ந்தெடுத்த ஓர் அரிய நிகழ்ச்சியும் உண்டு. ராமுசிருமாப் என்ற மருந்து, 2015ஆம் ஆண்டில் வெளியான சோதனையில் நோயாளிகள் அனைவரையும் சேர்த்துப் பார்த்தபோது வெற்றி பெறவில்லை. எனினும் ஆல்ஃபா ஃபீட்டோ புரதம் 400க்கு மேல் இருந்தவர்களிடம் பயன் இருப்பது போலத் தோன்றியது. அத்தகையோரை மட்டும் சேர்த்து மீண்டும் நடத்திய சோதனை 2019ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மருந்து பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் 8.5 மாதம், வெற்று மருந்து பெற்றோருக்கு 7.3 மாதம். ஐந்து வாரத்திற்கும் சற்று மேற்பட்ட இவ்வேறுபாடு எவ்வளவு விலைபெறும் என்பதைப் பொருளியல் பயில்வோர் எண்ணிப் பார்க்கட்டும்.

இப்பரிசோதனையின் குறைகளையும் மறைத்தல் கூடாது. கணிசமான கட்டிகள் இப்புரதத்தைச் சுரப்பதே இல்லை. அவ்விடங்களில் இயல்பான அளவைக் கண்டு மகிழ்ந்தால் அது பொய் மகிழ்ச்சி. மறுபுறம், கருவுற்ற பெண்களிடமும், ஈரல் அழற்சி கொதித்தெழும் காலத்திலும் புற்றின்றியே இது உயரும். 1984ஆம் ஆண்டில் அறியப்பட்ட மற்றொரு குறியான குறைபட்ட புரோத்ராம்பின், ஜப்பானில் பெருவழக்காக உள்ளது. ஆனால் வைட்டமின் கே பற்றாக்குறையிலும், வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து உட்கொள்வோரிடமும் அதுவும் உயர்ந்துவிடும்.

கடந்த இருபது ஆண்டுகளில் மூன்றாவதாக ஒரு கூட்டம் சேர்ந்துள்ளது. வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில்களுக்கும் லிம்போசைட்டுகளுக்கும் உள்ள விகிதம், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. புரதம் போன்றவை அவை. உடல் கட்டியை எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதை இவை காட்டுவதாகக் கருதப்படுகிறது. 2022ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணிப்பு முறை, நோய் எதிர்ப்பாற்றல் சிகிச்சை பெறுவோரிடம் இரண்டே கேள்விகளைக் கேட்டது: ஆல்ஃபா ஃபீட்டோ புரதம் 100 நானோகிராமோ அதற்கு மேலோ உள்ளதா? சி.ஆர்.பி. ஒரு டெசி லிட்டரில் 1 மில்லி கிராமோ அதற்கு மேலோ உள்ளதா? இரண்டும் இல்லாதவர்களின் இடைநிலை வாழ்நாள் ஏறத்தாழ 27 மாதம். ஒன்று இருந்தவர்களுக்கு 11 மாதம். இரண்டும் இருந்தவர்களுக்கு 6 மாதம்.

இவ்வகைக் கட்டுரைகள் இன்று நூற்றுக்கணக்கில் வெளிவருகின்றன. அவற்றைப் படிப்போர் ஐயக் கண்ணோடு படித்தல் வேண்டும். ஒரு மருத்துவமனையின் பழைய ஏடுகளைப் புரட்டி, எந்த விகிதத்தில் கோடு போட்டால் நோயாளிகள் நன்கு இரண்டாகப் பிரிவர் என்று தேடி, அவ்விடத்தில் கோடு போட்டு, பிறகு அக்கோடு நன்கு பிரிக்கிறது என்று வியப்பது ஆராய்ச்சி ஆகாது. ஒருவர் 2.5இல் கோடு போடுகிறார், இன்னொருவர் 3இல், மற்றொருவர் 5இல். சளிக்காய்ச்சல் வந்தாலும், ஸ்டீராய்டு மாத்திரை உட்கொண்டாலும் இவ்விகிதம் மாறும். 2005ஆம் ஆண்டிலேயே கட்டிக் குறிகளைப் பற்றிய ஆய்வுகளை எவ்வாறு எழுத வேண்டும் என்று பன்னாட்டு நெறிமுறை வகுக்கப்பட்டது. அதன் பின்னரும் நிலைமை பெரிதும் திருந்தியதாகக் கூற இயலாது. புதிய குறி ஒன்று வரும்போது கேட்கத்தக்க கேள்வி, அது வாழ்நாளோடு தொடர்புடையதா என்பதன்று. ஆல்புமினும் பிலிருபினும் ஏற்கெனவே கூறியதற்கு மேல் அது என்ன கூறுகிறது என்பதே. கட்டியிலிருந்து இரத்தத்தில் கசியும் மரபணுத் துணுக்குகளைத் தேடும் விலை உயர்ந்த பரிசோதனைகளையும் இதே தராசில் நிறுத்தல் வேண்டும்.

இனி, 'இடைநிலை வாழ்நாள்' என்ற சொல்லின் பொருளைச் சற்று விளக்குதல் தேவை. குடும்பங்கள் பெரிதும் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். இடைநிலை 8 மாதம் என்றால், நோயாளிகளில் பாதிப் பேர் 8 மாதத்திற்குள் இறந்தனர். மறுபாதிப் பேர் அதற்கு மேல் வாழ்ந்தனர். எவ்வளவு மேல் என்பதை அந்த எண் கூறாது. உயிர் நூலறிஞர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982ஆம் ஆண்டில் வேறொரு வகைப் புற்றுநோய் கண்டது. அதன் இடைநிலை வாழ்நாள் 8 மாதம் என்று அவர் நூலகத்தில் படித்தறிந்தார். அந்த எண்ணுக்கு அப்பால் நீளும் வாலில் தாம் இருக்கக் கூடும் என்பதை விளக்கி 1985இல் ஒரு கட்டுரை எழுதினார்; அவர் மறைந்தது 2002ஆம் ஆண்டில்தான். சொராஃபெனிப் என்ற மாத்திரையின் 2008ஆம் ஆண்டுச் சோதனையில் இடைநிலை 10.7 மாதம், வெற்று மருந்துக்கு 7.9 மாதம், 2020ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட அட்டசோலிசுமாப், பெவசிசுமாப் கூட்டுச் சிகிச்சையைத் தொடர்ந்து கண்காணித்ததில் 19.2 மாதம், சொராஃபெனிபுக்கு 13.4 மாதம். இவ்வெண்களைப் படிக்கும்போது, இச்சோதனைகளில் சேர்க்கப்பட்டவர்கள் ஏறக்குறைய அனைவருமே ஈரல் நன்கு இயங்கும் முதல் வகுப்பினர் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் மஞ்சள் கண்ணும் வீங்கிய வயிறுமாக வந்து சேர்பவருக்கு அவ்வெண்கள் பொருந்தா.

கணிப்புகள் எல்லாம் இறப்புகளைச் சரியாக எண்ணியதன் மேல் கட்டப்பட்டவை. கேப்லான், மையர் ஆகியோர் 1958ஆம் ஆண்டில் வகுத்த முறையும், காக்ஸ் 1972ஆம் ஆண்டில் வகுத்த முறையுமே இத்துறையின் கருவிகள். வேலையின்மை நீடிக்கும் காலத்தை ஆராயும் பொருளியலாரும் இவற்றையே கையாளுகின்றனர். தொடர்பு அறுந்துபோன நோயாளியை, அறுந்த நாள் வரை உயிரோடிருந்தவர் என்று கொண்டு கணக்கிட இம்முறை இடமளிக்கிறது. ஆனால் தொடர்பு அறுந்ததற்கும் நோயின் போக்குக்கும் தொடர்பில்லை என்ற எடுகோள் அதனுள் மறைந்துள்ளது. இந்தியாவில் அந்த எடுகோள் பல வேளைகளில் பொய்த்துவிடுகிறது. கையில் பணம் தீர்ந்தவரும், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லப்பட்டவருமே ஊருக்குத் திரும்பிச் செல்கின்றனர். அங்கே அவர்கள் இறப்பது மருத்துவமனை ஏட்டில் ஏறுவதில்லை. எஞ்சிய ஏடுகளைக் கொண்டு வரையும் வாழ்நாள் கோடு உண்மையைவிட உயரமாகவே அமையும். தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டம் 1981ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கப்பட்டு, பம்பாய், சென்னை, பெங்களூர் முதலான இடங்களில் பதிவகங்கள் பணியாற்றத் தொடங்கிய நாளிலிருந்து, பணியாளர்கள் இறப்புப் பதிவேடுகளைத் தேடியும் வீடுகளுக்கே சென்றும் இவ்விடைவெளியை நிரப்ப முயன்று வந்துள்ளனர். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் கிராமத்தில் எழுதப்படும் ஒரு வரிக்கும், மருத்துவ ஏட்டில் வரும் வாழ்நாள் கோட்டிற்கும் உள்ள உறவை அலுவலர்கள் எளிதில் உணர்வர்.

ஆய்வுக்கூடத்தில் நிகழும் சிறு பிழைகளும் இங்கே பெரிதாகும். ஆல்புமினை அளக்கப் பயன்படும் இரு சாயங்களில் ஒன்று, மற்றதைவிடச் சற்றுக் கூடுதலான அளவைக் காட்டும் இயல்புடையது. லிட்டருக்கு 3 கிராம் வேறுபட்டால் ஆல்பி கணக்கு 0.255 நகரும், எல்லைக் கோட்டருகே நிற்பவர் தரம் மாறிவிடுவார். முந்திய நாள் ஆல்புமின் பாட்டில் ஏற்றப்பட்டவருக்கு மறுநாள் எடுக்கும் பரிசோதனை அவருடைய ஈரலைப் பற்றி ஒன்றும் கூறாது. ஏற்றிய பாட்டிலைப் பற்றித்தான் கூறும். கட்டி பித்தக் குழாயை நெரித்ததால் பிலிருபின் ஏறியிருந்தால், அடைப்பை நீக்கியபின் அது இறங்கக் கூடும். அதுவரை எந்த வகுப்பிலும் அவரை அடைத்துவிடக் கூடாது. ஒரே ஒரு காகிதத்தைக் கண்டு நிலத்தை விற்றவர்களும் உண்டு. அதே காகிதத்தைக் கண்டு சிகிச்சையைக் கைவிட்டவர்களும் உண்டு. இரண்டு வாரம் கழித்து எடுக்கும் இரண்டாவது பரிசோதனைக்கு ஆகும் செலவு, ஒரு முறை பேருந்தில் நகரம் வந்து போகும் செலவைவிட மிகுதியன்று.

கொள்கை வகுப்போருக்குரிய சிக்கல் வேறொன்று. 2018ஆம் ஆண்டில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் குடும்பமொன்றுக்கு ஆண்டுக்கு 5 இலட்ச ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு வழி செய்கிறது; 2024ஆம் ஆண்டில் 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் அனைவருக்கும், வருமானம் கருதாது, அது விரிவாக்கப்பட்டது. பொதுப் பணம் செலவாகும் இடத்தில், யாருக்கு எச்சிகிச்சை பயன் தரும் என்று கேட்பது முறையே. ஈரல் மூன்றாம் வகுப்பில் விழுந்துவிட்டவருக்கு விலை உயர்ந்த மருந்தைக் கொடுப்பது அவருக்கும் நன்மையன்று, நிதிக்கும் நன்மையன்று. ஆனால் குறியீடு ஒன்று கோப்பில் ஏறியவுடன், அது மருத்துவரின் துணைக்கருவி என்ற நிலையிலிருந்து மறுப்பு விதியாக மாறும் அபாயம் உண்டு. –1.40க்கு ஒப்புதல், –1.38க்கு மறுப்பு என்று ஒரு சுற்றறிக்கை எழுதுவது எழுத்தருக்கு எளிது. அவ்வேறுபாடு சாயத்தின் வேறுபாடாக இருக்கக் கூடும் என்பதைச் சுற்றறிக்கை அறியாது. எச்சிகிச்சை என்று தேர்வதற்குக் குறியீடு உதவலாம். சிகிச்சையே இல்லை என்று கூறுவதற்கு அதனைக் கருவியாக்க இடமளித்தல் கூடாது. கட்டியை இனித் தாக்க இயலாது என்ற நிலையிலும் செய்ய வேண்டிய மருத்துவம் மிகுதியாக உள்ளது.

வலி தணிக்கும் பராமரிப்பே அந்த மருத்துவம். 1993ஆம் ஆண்டில் கோழிக்கோட்டில் தொடங்கிய முயற்சி கேரளம் முழுவதும் பரவி, 2008ஆம் ஆண்டில் அம்மாநில அரசின் கொள்கையாகவே ஆயிற்று. மார்ஃபின் பெறுவதில் இருந்த பல்வகை உரிமச் சிக்கல்களைத் தளர்த்துவதற்காக 2014ஆம் ஆண்டில் போதைப் பொருள் சட்டம் திருத்தப்பட்டு, நாடு முழுமைக்கும் ஒரே விதிமுறை ஏற்பட்டது. இவ்விடத்திலும் அதே இரு பரிசோதனைகள் மீண்டும் தேவைப்படுகின்றன. மார்ஃபினை உடலினின்று நீக்குவது ஈரலே. ஆல்புமின் தாழ்ந்து பிலிருபின் ஏறிய நோயாளிக்கு அம்மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கி, இரு வேளைகளுக்கிடையே உள்ள நேரத்தையும் கூட்டிக் கொடுத்தல் வேண்டும். இல்லையேல் அது உடலில் தேங்கி மயக்கத்தை உண்டாக்கும். ஆகவே எவ்வளவு காலம் என்று கூறுவதற்காக எடுக்கப்பட்ட அந்தக் காகிதத்தைத் தூக்கியெறியாமல், வலி மருந்து எழுதித் தரும் மருத்துவரிடம் குடும்பத்தார் காட்டுதல் வேண்டும்.